உப்புக் காற்றுக்கு ஒரு வீடு

பூட்டு திறந்துவிட்டது. கதவுதான் நிலையோடு இறுகிப்போயிருந்தது. கார்த்திகை மழை ஒரு நாள் ஓய்ந்திருந்த காலை. பக்கத்து வீட்டு அக்கா வந்து தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். "மரம் உப்பிப்போய்க் கெடக்கு. தை பொறந்தா தானா விட்டுக்கொடுக்கும்" என்றார்.

தரங்கம்பாடியில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பெரியம்மா வாழ்ந்த வீடு. திண்ணை, இரண்டு மரத்தூண்கள், ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் தாழ்வாரம். மேலே நாட்டு ஓடு. என் பையில் பத்திரிகைகளிலிருந்து வெட்டி வைத்த படங்கள் இருந்தன. வெள்ளைச் சோபா, நீலத் தலையணை, கயிறு சுற்றிய கண்ணாடி, சுவரில் நங்கூரம், மேசையில் ஜாடி நிறையச் சிப்பி. கடற்கரை வீடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

முதல் மாதம் எதுவும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு அடுப்பு, இரண்டு பாத்திரம். வீடு எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

*

காற்றைத்தான் முதலில் பார்த்தேன்.

வெயில் ஏறினால் மண் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாக. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்துக்குக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அது எந்த ஜன்னலில் நுழைந்து எதன் வழியாக வெளியேறுகிறது என்பதைத் தரையில் படுத்துக் கிடந்தால்தான் அறிய முடியும். பகல் பதினொரு மணிவாக்கில் கிழக்கு ஜன்னல் வழியே வந்து, கூடத்தைக் குறுக்காகக் கடந்து, தாழ்வாரத்தில் இறங்கிப் போகிறது. இரவு முற்றிய பிறகு திசை மாறி, நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது.

அந்தப் பாதையின் நடுவில்தான் பெரியம்மாவின் மர அலமாரி நின்றது. நான்கு பேர் சேர்ந்து அதை அறைக்குள் தள்ளினோம். அன்று பகல் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, மடியில் வைத்திருந்த தாளைக் காற்று எடுத்துக்கொண்டு போனது. இந்த வீட்டுக்கு நான் செய்த முதல் அலங்காரம் அதுதான்.

வைகாசியிலும் ஆனியிலும் மேற்கிலிருந்து காய்ந்த காற்று பலமாக வீசும் நாட்களில் கடல்காற்று உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். பிற்பகல் வரை வராது. மீனவர்களுக்கு ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பேர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். அக்கா சமையலறையில் நின்றபடியே சொல்லிவிடுவார். எனக்கு இன்னும் கொண்டல் மட்டும்தான் பிடிபடுகிறது.

*

சுவர்.

யாரோ ஒருமுறை கூடத்துச் சுவரில் சிமெண்ட் பூசி, மேலே பளபளக்கும் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இடுப்பு உயரம் வரை அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டாலே உரிந்தது. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். பொள்ளென்று சத்தம்.

"சிமெண்ட்ட மறுபடி பூசுனா ரெண்டு மழை தாங்கும்மா. ஈரம் வெளிய வரணும். வழிய அடைச்சா உப்பு உள்ளேர்ந்து தள்ளும்."

"வேறென்ன செய்யலாம்?"

"முன்ன என்ன செஞ்சாங்களோ அதத்தான்."

முன்பு செய்தது கிளிஞ்சல் சுண்ணாம்பு. மூன்று வாரம் அதன் பக்கத்திலேயே இருந்தேன்.

கிளிஞ்சலைச் சூளையில் சுடுகிறார்கள். ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, தொட்டால் எரிக்கும் சுட்ட சுண்ணாம்பாகிறது. அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கிறது. பொரிந்து பூத்து வெண்மாவாக அடங்குகிறது. நீற்றுவது என்பது இதைத்தான். பிறகு மணல் சேர்த்துப் புளிக்க விட வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லம் கரைத்த நீரும் சேர்த்தார் கொத்தனார். அவசரப்படுத்திய என்னிடம், "மாவு புளிக்காம தோசை சுடுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

காரை சுவரில் ஏறியதும் இன்னொன்று தொடங்குகிறது. சூளையில் இழந்த அதே வாயுவை அது காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நாட்கணக்கில், மாதக்கணக்கில் வாங்கி மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதுவேதான். கடலுக்குள் ஒரு உயிர் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட சுவர், நெருப்பிலும் நீரிலும் உருவழிந்து, இப்போது என்னைச் சுற்றி அதே பொருளாக நிற்கிறது. இதை அறிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

வெள்ளையடிக்கும்போது கொத்தனார் வாளியில் துணிக்குப் போடும் நீலம் சில துளிகள் விட்டார். சுண்ணாம்பில் மங்கலாக ஒரு மஞ்சள் சாயல் உண்டு. நீலம் அதை அடக்கிவிடும், வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். இந்த வீட்டில் நான் சேர்த்த நீலம் அவ்வளவே.

*

ஜாடியைப் பற்றி எழுத வேண்டும்.

இருபது வருடமாக நான் சேர்த்த சிப்பிகள். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, தூத்துக்குடி. பாதி பொறுக்கியவை, பாதி கடைத்தெருவில் வாங்கியவை. அவற்றில் ஒரு வெள்ளைப் பவளக் கிளையும் உண்டு. கூடத்து மாடத்தில் வைப்பதற்காகவே கொண்டுவந்திருந்தேன்.

ஒரு காலை மணலில் சன்யாசி நண்டு ஒன்றைப் பார்த்தேன். அதற்கு வயிற்றுப்பக்கம் ஓடு கிடையாது, மெத்தென்ற சதை. இறந்த சங்கோ நத்தையோ விட்டுப்போன கூட்டுக்குள் புகுந்துதான் வாழ வேண்டும். வளர வளர வேறு கூடு தேட வேண்டும். நல்ல பெரிய கூடு ஒன்று கிடைத்தால், சில நேரம் நண்டுகள் பெரிதும் சிறிதுமாக வரிசை கட்டி நிற்குமாம். முதல் நண்டு மாறியதும் அது விட்ட கூட்டுக்கு அடுத்தது, அது விட்டதற்கு அதற்கடுத்தது. நான் பார்த்த நண்டு ஒரு பிளாஸ்டிக் மூடியைச் சுமந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஜாடியைப் பார்த்தேன். எத்தனை வீடுகள்.

பவளக் கிளை அதைவிட உறுத்தியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2001-ல் பாறை கட்டும் பவளங்களும் கடற்குதிரைகளும் சில சங்கு வகைகளும் அதன் பட்டியலில் சேர்ந்தன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே முன்பு பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டிக் கொண்டுபோனார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் மணல் அரித்தது. அந்த 21-ல் இரண்டு தீவுகள் இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. என் மாடத்தின் ஒரு சாண் அழகுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சுவருக்கு வந்த கிளிஞ்சலும் கடலுடையதுதானே என்று என் மனமே கேட்டது. கேட்கட்டும். அது என்னை இருபது வருடம் வெயிலிலிருந்து காக்கும். ஜாடி எதையும் காக்கவில்லை. ஆனாலும் இந்தப் பதில் எனக்கு முழுதாகப் போதவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மறுநாள் விடியுமுன் சிப்பிகளை அலைவரம்பில் பரப்பிவிட்டு வந்தேன். பவளக் கிளையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வாரம் துணியில் சுற்றி வைத்திருந்து, பிறகு அதையும் கடலிலேயே விட்டேன். மாடத்தில் இப்போது சாயுங்கால விளக்கு மட்டும்.

*

வண்ணம் தேர்ந்தெடுக்கக் கடலைப் பார்க்கப் போனேன். படங்களில் இருந்த பச்சைநீலம் இங்கே இல்லை. மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் கரையோரம் பழுப்பாக இருக்கிறது. மாசியில் ஈயம் போல. சித்திரை நடுப்பகலில் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் மறைகிற கரை இது. அதனால் சாயுங்காலம் கடலில் தீ எரிவதில்லை. எதிர் வானத்தின் இளஞ்சிவப்பு நீரின் மேல் படிந்து, ஊதாவாகி, சாம்பலாகி அணைகிறது.

நெய்தல் நிலத்துக்குத் தொல்காப்பியம் வகுத்த பொழுது எற்பாடு, பொழுது சாயும் வேளை. உரிய உணர்வு இரங்கல். இந்தக் கரையில் ஒரு சாயுங்காலம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கடலோர அறை என்றால் உற்சாகமாகத் துள்ள வேண்டும் என்று படங்கள் நினைக்கின்றன. இங்கே அறைக்கு முதலில் வேண்டியது ஒருவர் காத்திருக்க ஓர் இடம். பெரியம்மாவின் சாய்வு நாற்காலியைக் கிழக்கு ஜன்னலிலிருந்து சற்று விலக்கிப் போட்டேன். கான்வாஸ் துணி மட்டும் மாற்றினேன். நனைந்த மணலின் நிறம்.

கதவுக்கும் ஜன்னலுக்கும் அடும்பிலையின் பச்சை. கடற்கரை மணலில் கொடியோடிப் படர்ந்து, ஊதாப் பூ பூக்கும் அந்த அடும்புதான். ஓர் இலையைக் கிள்ளிக் கொண்டுபோய் பெயிண்ட் கடையில் காட்டினேன்.

*

சுவரில் ஒரு பழைய வலையை மாட்ட ஆசை. அக்காவிடம் கேட்டேன். கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன், ஓரிடத்தில் நைந்து, இன்னோரிடத்தில் வேறு நிற நூலால் முடிபோட்டு, மறுபடி நைந்து, மறுபடி முடி. எத்தனை பகல்கள் அதில் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

"இதச் சுவத்துல மாட்டி என்ன பண்ணுவீங்க?" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பார்ப்பதற்கு என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். திரும்பக் கொடுத்தேன். அது இப்போது அவர் வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தல். பூத்து, தையில் காய்த்தது.

*

திரைக்கு வேட்டி. எட்டு முழப் பருத்தி வேட்டி, ஒரு ஜன்னலுக்கு ஒன்று. கனத்த திரை காற்றை நிறுத்தும். வேட்டி காற்றோடு போய் வரும். மெல்லிய சாம்பல் கரை வைத்ததாகப் பார்த்து வாங்கினேன். உப்புப் பிசுபிசுப்பு ஏறினால் வாரத்துக்கு ஒருமுறை அலசிக் காயப்போடலாம், சுருங்கியதே அழகு, இஸ்திரி வேண்டாம்.

தரை பழைய சிவப்பு சிமெண்ட் தரை. கம்பளம் போட்டால் மணல் உள்ளே தங்கி இழையை அறுக்கும், ஈரத்தில் நாற்றமெடுக்கும். பாய்தான் சரி. பெரியம்மாவிடம் ஒரு பத்தமடைப் பாய் இருந்தது. தாமிரபரணிக் கரையோரக் கோரையைக் கீறி, ஆற்று நீரில் ஊறப்போட்டு, பருத்திப் பாவில் நெய்கிறார்கள். தலைமுறைகளாக லெப்பைக் குடும்பங்களின் பெண்கள் கை. மடித்தால் துணி போல மடியும் அது. நடுவில் விரித்துவிட்டு, சுற்றிலும் எதையும் வைக்கவில்லை. உதறினால் மணல் வாசலுக்குப் போய்விடும்.

இரும்பைத் தவிர்த்தேன். உப்புக் காற்று அதை ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும். கொக்கி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் பித்தளை. அது களிம்பேறும். புளியும் சாம்பலும் போதும்.

*

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டையில் கடலோரம் ஒரு விடுதி கட்டினார், 1969-ல். அதன் முகப்புக் கூடத்தின் கூரை முழுவதும் ஏனா த சில்வாவின் பாத்திக் துணிகள். புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அண்ணாந்தால்தான் அந்த வண்ணங்கள். பார்வையைத் தாழ்த்தினால் திறந்த வெளியும் நிழலும். வண்ணத்தை எங்கே வைக்கலாம் என்பதற்கு இதைவிடக் கண்ணியமான பதிலை நான் கண்டதில்லை.

என் கூரையில் ஓடும் பனஞ்சட்டமும்தான். பனையின் கரும்பழுப்பில் கோடு கோடாக இழை ஓடும். எண்ணெய் தேய்த்ததும் தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

*

ஊர்க்கோடியில் மாசிலாமணிநாதர் கோயில். அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1620-ல் டேனியர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது, அலைக்கு மிக அருகில். 2004 டிசம்பரில் தண்ணீர் எங்கள் தெரு வரை வந்ததாக அக்கா சொன்னார். எவ்வளவு உயரம் என்று நான் கேட்கவில்லை. அவரே தூணைத் தொட்டுக் காட்டினார். தூணுக்குப் புதிதாக எண்ணெய் பூசியபோது அந்த இடத்தில் என் கை சற்று நின்றது.

*

மறுபடியும் மழைக்காலம். கிழக்கு ஜன்னலை இரவில் சாத்தி வைக்கிறேன். சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உப்பு பூத்திருக்கிறது, மெல்லிய வெண்பஞ்சு போல. காரை உரியவில்லை. தென்னந் துடைப்பத்தால் தட்டினால் உதிர்கிறது.

வாசல் கதவு உப்பிவிட்டது. தச்சர் அந்த வழியே போனபோது இழைத்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கீழ் மூலையில் முழங்காலை வைத்து, கைப்பிடியைச் சற்றே தூக்கித் தள்ளினால் திறக்கிறது.