அயலவர் உதவியும் கூலியும்

செய்யும் உதவிக்குக் கூலி வாங்கலாமா என்பது பழைய கேள்வி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஹியூரன் ஏரியின் கிழக்குக் கரையோரக் கிராமங்களில் இக்கேள்வி மாரிதோறும் எழுகின்றது. உறையாத ஏரியைக் கடந்துவரும் குளிர்காற்று, ஈரத்தை அள்ளிவந்து கரையிலே பனியாகக் கொட்டுகின்றது. பொதுவீதியை அரசாங்கமும் உள்ளூராட்சி மன்றமும் துப்புரவு செய்யும். வீதியிலிருந்து வீட்டுவாசல் வரையுள்ள பாதையோ வீட்டுக்காரரின் பொறுப்பு.

அப்பாதை 60 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உடையதென்று கொள்வோம். 30 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 54 கனமீற்றர் ஆகும். கனமீற்றருக்கு 100 கிலோ என்று கணக்கிட்டாலும் 5 தொன்னுக்கு மேல். இதைக் கையால் அள்ள முயலும் முதியவர்களுக்கு மாரடைப்பு வருவதுண்டு. பாதை அடைபட்டால் அம்புலன்ஸ் வண்டியும் வாசலுக்கு வராது. ஆகவே உழவு இயந்திரம் வைத்திருக்கும் அயலவரே துணை. அவர் எவ்வளவு வாங்குவது?

ஒன்றும் வாங்காமல் விடுவது பெருந்தன்மையே. ஆனால் டீசலும் தேய்மானமும் விடியற்காலை உழைப்பும் மாரி முழுவதும் தொடர்பவை. மேலும், இலவசமாகப் பெறுபவர் மறுமுறை அழைக்கக் கூச்சப்படுவார். அக்கூச்சத்தினால் தாமே அள்ளப்போய் விழவுங்கூடும். மறுபுறம், வேறு வழியில்லை என்றறிந்து பனி கொட்டும் நாளிலே கூலியை ஏற்றுவது, அயலவரின் அவதியை விற்றுப் பிழைப்பதாகும்.

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் வேறாக வைத்தார். ஊருக்குப் பயன்படுதல் வேறு, வறியவர்க்குக் கொடுத்தல் வேறு. கொடுக்க வல்லவரைத் தானம் பெறுபவராக்குவது அவர் மானத்தைக் குறைக்கும். அவரிடம் செலவுக்கும் உழைப்புக்கும் ஏற்ற கூலியைப் பனிக்காலத்துக்கு முன்பே பேசி வாங்குதல் நேர்மை. தனித்து வாழும் ஏழை மூதாட்டியிடம் ஒன்றும் கேளாமல், அதை ஊருக்கும் சொல்லாமல் செய்தல் அறம். அவர் தம் கையால் செய்த ஒரு போத்தல் ஜாம் தந்தால், அதனை முழுக் கூலியாக ஏற்பதும் அறமே. கூலி வாங்கியவருக்கோ, "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லும் உரிமை இல்லை.

கூலியைத் தன் செலவிலிருந்து கணக்கிட வேண்டும். பிறர் துன்பத்திலிருந்து கணக்கிடலாகாது. பனி விழாத ஊரிலும், உழவு இயந்திரமோ நீரிறைக்கும் இயந்திரமோ உடையவர்கள் மனதிற் கொள்ளவேண்டிய கணக்கு இதுவேயாகும்.