ஊர் கேட்கும்போது

கொல்கத்தாவின் கிழக்கே, நியூ டவுனில், ஜூன் மாதம் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. நாடு முழுமைக்கும் ஒரே கடிகாரம், அது 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுவது. கொல்கத்தா அதற்கு ஆறு பாகை கிழக்கே இருப்பதால் சூரியன் இங்கே 24 நிமிடம் முந்திக்கொள்கிறான். சென்னையிலோ ஒன்பது நிமிடம் பிந்துகிறான். கோடையில் அட்சரேகை வித்தியாசமும் இதோடு சேர்ந்துகொள்ளும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து சேர்கிறவர்களுக்கு முதல் வாரம் தூக்கம் கெடுவது இதனால்தான். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு மட்டும் இது வசதி.

ஊரும் ஓட்டத்துக்குத் தோதானது. பிஸ்வ பாங்ளா சரணியில் அகலமான நடைபாதை உண்டு, தனியாகச் சைக்கிள் பாதை உண்டு. 480 ஏக்கரில் எக்கோ பார்க், அதற்குள் நூறு ஏக்கருக்கு மேல் ஏரி. ஐ.டி. கம்பெனிகளுக்கு வந்த நம் பிள்ளைகள் பலர் இங்கே வந்தபிறகுதான் ஓடவே தொடங்கியிருக்கிறார்கள். தெரிந்தவர் இல்லாத ஊரில் காலை நேரத்தை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? எல்லோருக்கும் இலக்கு ஒன்றுதான்: டிசம்பரில் ரெட் ரோட்டில் தொடங்கும் டாடா ஸ்டீல் 25 கிலோமீட்டர் ஓட்டம். 2014-இல் ஆரம்பித்தது. உலகத்தரமான ஆப்பிரிக்க வீரர்கள் முன்னால் பறக்க, பின்னால் ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் மூச்சிரைக்க ஓடுவார்கள்.

ஓடுகிறவனுக்குத் தேதி வேண்டும். தேதி இல்லாத பயிற்சி இரண்டு மழை நாளில் நின்றுபோகும். ஆனால் வெளியூரில் குடியிருப்பவன் கையில் இன்னொரு தேதியும் இருக்கிறது: ஊர் திரும்பும் தேதி. முதல் தேதி உடம்பை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது தேதி மனிதனைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம். இரண்டு வருஷ ப்ராஜெக்ட்தானே என்று நினைப்பவர் ஒழுகுகிற குழாயைச் சரிபண்ணச் சொல்லமாட்டார். கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு ஆபீஸ் போய்விடுவார். கிரைண்டர் வாங்கமாட்டார். வங்காளம் கற்கமாட்டார், அரைகுறை இந்தி போதும் என்பார். தினமும் லிஃப்டில் கூட இறங்குகிறவரின் பெயர் அவருக்குத் தெரியாது. இவற்றில் எதுவும் குற்றமில்லை. ஆனால் இரண்டு வருஷம் ஆறாக நீண்டபிறகும் அந்த வாளி அங்கேயேதான் இருக்கும்.

ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய முந்தைய தலைமுறைத் தமிழர்களுக்கு நினைத்தால் ஊர் திரும்பும் சௌகரியம் கிடையாது. 1977-இல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வந்தபிறகும் ஊர் போய்ச்சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். லீவும் காசும் சேர்ந்து வருவது வருஷத்துக்கு ஒருமுறை. அதனால் இங்கேயே வாழ்ந்துதான் தீரவேண்டியிருந்தது. குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வந்தவர்கள் கோயில் கட்டினார்கள், சபா நடத்தினார்கள், பாரதி தமிழ்ச் சங்கத்தை வளர்த்தார்கள். அந்தத் தலைமுறையின் சு. கிருஷ்ணமூர்த்தி வங்காளத்தை முறையாகக் கற்று, அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ நாவலைத் தமிழுக்குக் கொடுத்தார். இன்று நியூ டவுனுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம். இரண்டரை மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடலாம். திரும்பிப்போவது இவ்வளவு சுலபமானபின், வந்து சேர்வது கடினமாகிவிட்டது.

உடம்பு விஷயம் வேறு. ஆடி, ஆவணியில் இங்கே காற்று ஈரத்தால் கனத்துக் கிடக்கும். வியர்வை ஆவியாகாமல் வழியும். வழிகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஊரில் ஓடிய வேகத்தில் இங்கே ஓடினால் நாலாவது கிலோமீட்டரிலேயே நெஞ்சு படபடக்கும். ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பத்துப் பதினான்கு நாள் பொறுமையாக ஓடினால், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதோடு போகும் உப்பும் குறைகிறது. ஓடி முடித்து வந்தால் சாப்பாடும் அன்னியமில்லை: வங்காளிகள் பாந்தா பாத் என்று சாப்பிடுவது நம் பழைய சோறுதான். உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாம் அதேதான். உடம்பு யாரிடமும் கேட்காமல் இரண்டு வாரத்தில் குடியேறிவிடுகிறது. மனிதன் குடியேறுவதற்கு, அந்த ஊரில் யாராவது அவனிடம் எதையாவது கேட்கவேண்டியிருக்கிறது.

கேட்க உரிமையுள்ளவர்கள் இங்கே நிறையப் பேர். நியூ டவுன் வெற்றிடத்தில் எழுந்த நகரம் இல்லை. இதைக் கட்ட 1999-இல் ஹிட்கோ என்ற அரசு நிறுவனம் உருவானது. ராஜார்ஹாட்டின் நெல்வயலும் மீன் வளர்த்த நீர்நிலைகளும் 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தின்கீழ் கையகப்படுத்தப்பட்டு மனைகளாயின. கொடுத்த விலை போதாது என்ற மனக்குறை இன்னும் ஆறவில்லை. ஜாத்ராகாச்சி போன்ற பழைய கிராமங்கள் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே அப்படியே இருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு டீக்கடை அடுப்பைப் பற்றவைப்பவர், டோட்டோ என்னும் மின் ரிக்‌ஷா ஓட்டுகிறவர், அடுக்கக வாசலில் காவல் நிற்பவர் இவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சிலருடைய அப்பா நாம் ஓடுகிற சாலைக்கு அடியில் நாற்று நட்டவராக இருப்பார். இதற்காக ஓட்டத்தை நிறுத்தவேண்டியதில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, அவர்களை வழியில் நிற்கும் கம்பங்களைப் போலச் சுற்றிக்கொண்டு போவதுதான் தவறு.

எங்கள் அடுக்ககத்தில் கோவில்பட்டிக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். ஆகஸ்டிலிருந்து அட்டவணை போட்டு ஓடினார். துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டு வந்தபோது பணத்தை உடனே கொடுத்தார். பணம் கொடுப்பது எளிது, கொடுத்ததும் கதவைச் சாத்திவிடலாம். அஷ்டமி அன்று போக் எனும் பிரசாதப் பந்தியில் கிச்சடி பரிமாற ஆள் குறைகிறது என்று கூப்பிட்டபோதுதான் தயங்கினார். அன்று அவருக்கு 18 கிலோமீட்டர் ஓட்டம் இருந்தது. தயங்கியபடியே போய், வாளியும் கரண்டியுமாக மூன்று பந்தி பரிமாறிவிட்டு வந்தார்.

உண்மையான சோதனை நவம்பரில் வந்தது. வங்காளத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் கிளப்புகள் ரத்ததான முகாம் நடத்துவது நெடுநாள் வழக்கம். பூஜை விடுமுறையில் தானம் குறைந்து ரத்த வங்கிகளில் இருப்பு வற்றிப்போகும். அதை நிரப்ப ஒரு முகாம். செயலாளர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நோட்டுப்புத்தகத்தோடு வந்து தம்பியின் பெயரைக் கேட்டார். ஓட்டத்துக்கு ஐந்தே வாரம்.

கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதியை உடம்பு ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பழைய நிலைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். சாதாரண மனிதனுக்கு இது தெரியவே தெரியாது. ஓடுகிறவனுக்கு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தெரியும். நான்கு மாத உழைப்பில் ஒரு பங்கு 350 மில்லியோடு போய்விடும். தம்பி என்னிடம் வந்து, “லேசா காய்ச்சல்னு சொல்லிரலாமா அண்ணாச்சி?” என்றார். நம்மில் யார் சொல்லாத பொய்?

நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. முகாமில் சேரும் ரத்தத்தில் ஒரு பகுதி தலசீமியா குழந்தைகளுக்குப் போகிறது என்று மட்டும் சொன்னேன். அந்தக் குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும், வாழ்நாள் முழுக்க. அவர்களுக்கும் தேதி உண்டு. அதைத் தள்ளிப்போட முடியாது. 25 கிலோமீட்டரைப் பத்து நிமிடம் தாமதமாக முடித்தால் உலகத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. ஜனவரியில் தருகிறேன் என்று தம்பி சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்லி, ஜனவரிப் பக்கத்தில் பெயரை எழுதச் சொல்லியிருக்கவேண்டும். காய்ச்சல் என்ற பொய், என்னை எதுவும் கேட்காதே என்று ஊரிடம் சொல்வதாகும்.

தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமையே ரத்தம் கொடுத்தார். டிசம்பரில் நினைத்ததைவிடக் கணிசமாகப் பிந்தித்தான் முடித்தார். முகம் வாடியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. தியாகம் செய்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள் என்பது சினிமாவில்தான்.

வெளியூரில் போய் ஓடிய இன்னொருவர் கதையும் உண்டு. கென்யாவின் சாமுவேல் வான்ஜிரு 2002-இல், 15 வயதில், ஜப்பானின் செண்டாய் நகரப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். மொழி தெரியாது, சாப்பாடு தெரியாது. அங்கே மாணவர்களின் பெரிய பந்தயம் எகிடென்: தோளில் குறுக்காக அணிந்த துணிப்பட்டையை அடுத்தவர் கையில் சேர்க்கும் நெடுந்தூர அஞ்சல் ஓட்டம். பட்டை தோளில் இருக்கும்வரை அதை அணிந்தவன் அன்னியன் இல்லை. அடுத்த பையன் கைநீட்டிக் காத்திருக்கிறான். வான்ஜிரு ஜப்பானிய மொழியும் கற்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானை 2 மணி 6 நிமிடம் 32 வினாடியில் முடித்து, கென்யாவுக்கு அந்தப் பந்தயத்தில் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். 2011-இல் தன் சொந்த நாட்டில், வீட்டு மாடியிலிருந்து விழுந்து, 24 வயதில் இறந்தார். காரணங்களை ஊகிப்பது முறையல்ல. ஊர் திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உறுதியாகச் சொல்லும்போது மட்டும் அவர் நினைவுக்கு வருகிறார்.

தம்பியின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. அடுத்த முகாம் ஏப்ரலில், கோடைத் தட்டுப்பாடு தொடங்கும்போது. செயலாளர் அவரை ஏற்பாட்டுக் குழுவிலேயே போட்டுவிட்டார்; அடுக்ககத்தில் இருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களை அழைத்து வருவது அவர் பொறுப்பாம். தம்பி மேலாளரிடம் ஆறு மாதம் நீட்டிப்புக் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“மொதல்ல மாஸ்டர்ட்ட சொல்லணும் அண்ணாச்சி. அவரு நம்பிக்கிட்டு இருக்காரு. வேற ஒரு ஆளக் காட்டிட்டுத்தான் போகணும்.”