கட்டும் கையும்: ஊழ் குறித்து ஒரு சீட்டு விளையாட்டு எழுப்பும் வினா

ஊழுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவு எத்தகையது என்பது இந்திய மெய்யியல் மரபுகள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையை மிஞ்சுவது எதுவுமில்லை என்று கூற, ஆள்வினையுடைமை பற்றிய 62ஆம் அதிகாரம் தளராது முயல்பவர் அவ்வூழையும் புறங்காண்பர் என்கிறது. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகக் கூடும் என்பதை ஆராய்வதற்கு, அத்தகைய நோக்கம் ஏதுமின்றி வணிகத்துக்காகவே படைக்கப்பட்ட ஜப்பானியக் கையடக்க விளையாட்டு ஒன்று துணைசெய்கிறது.

ஒசாகாவைச் சேர்ந்த எஸ்.என்.கே., காப்காம் ஆகிய இரு போட்டி நிறுவனங்களும் சண்டை விளையாட்டுகளால் புகழ்பெற்றவை. முன்னது 1994இல் 'தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்' வரிசையையும், பின்னது 1987இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வரிசையையும் தொடங்கின. இருவரின் வீரர்களையும் ஒரே களத்தில் மோதவிட்ட தொடரின் கிளையாக, 1999இல் நியோ ஜியோ பாக்கெட் கலர் என்னும் கையடக்கக் கருவிக்காக 'கார்டு ஃபைட்டர்ஸ் கிளாஷ்' வெளிவந்தது. இதில் வீரர்கள் சீட்டுகளாக மாறிவிடுகின்றனர். ஆடுபவர் தாம் ஈட்டிய சீட்டுகளிலிருந்து 50 சீட்டுகளைத் தேர்ந்து ஒரு கட்டை அமைத்து, அக்கட்டு கலைக்கப்பட்டபின் முறைக்கு ஒன்றாக எடுத்து, மூன்று வீரர்கள் வரை களத்தில் நிறுத்திப் போரிடுகிறார். வென்றால் புதிய சீட்டுகள் கிடைக்கும்; அவற்றைக் கொண்டு அடுத்த போருக்கான கட்டைத் திருத்திக்கொள்ளலாம்.

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கயுவா, 1958இல் வெளியான தம் நூலில், விளையாட்டுகளைப் பகுக்கும்போது திறமையே முடிவு செய்யும் போட்டியையும், தற்செயலே முடிவு செய்யும் ஆட்டத்தையும் எதிரெதிர் வகைகளாக நிறுத்தினார். வினாடிக்கு 60 படச்சட்டங்கள் ஓடும் சண்டை விளையாட்டு, விரலின் விரைவும் கண்ணின் கூர்மையுமே வெற்றியைத் தரும் முதல் வகைக்கு ஏறக்குறைய முழுமையான சான்று. அதே வீரர்கள் சீட்டுகளானதும் விரைவு பயனற்றுப் போகிறது. எந்தச் சீட்டு எப்போது கைக்கு வரும் என்னும் தற்செயல் உள்ளே நுழைகிறது. முயற்சியின் உலகில் ஊழ் புகுந்துவிட்டதாக இதனை முதற்பார்வையில் கருதலாம்.

ஆயினும் உற்று நோக்கினால், கைக்கு வரும் சீட்டு எதுவும் புறத்திலிருந்து வருவதன்று. ஆடுபவரே முன்பு வென்று, தேர்ந்து, கட்டில் வைத்ததே திரும்பி வருகிறது. வினையைப் பற்றிய சைவ, வேதாந்த விளக்கங்கள் இவ்வமைப்பையே மூன்று சொற்களால் குறிக்கின்றன. முன்செயல்களால் சேர்ந்து பயனளிக்காமல் கிடக்கும் வினைத்தொகுதி சஞ்சிதம். அதிலிருந்து பிரிந்து இப்பிறவியில் நுகர்வதற்கு வந்த பகுதி பிராரத்தம், அதாவது ஊழ். அதை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். கட்டு சஞ்சிதத்தையும், கையிலுள்ள சீட்டுகள் பிராரத்தத்தையும், அவற்றை ஆடிப் பெறும் புதுச் சீட்டுகள் ஆகாமியத்தையும் ஒத்திருக்கின்றன. ஊழும் முயற்சியும் இரு பகைவர்கள் அல்லர் என்பதும், நேற்றைய முயற்சியே இன்று ஊழாக நிற்கிறது என்பதும் இவ்வொப்புமையால் புலப்படும். குறளின் இரு கூற்றுகளும் இவ்வகையில் முரணின்றிப் பொருந்துகின்றன: கையில் வந்ததை மாற்ற இயலாது, கட்டை மாற்ற இயலும்.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. சீட்டுகள் ஆடுபவருடையவை என்றாலும், அவை வரும் வரிசையை அமைப்பது யார்? வினைக்கொள்கையை ஏற்ற மரபுகள் பிரிந்து நின்றது இவ்விடத்தில்தான். செயல் முடிந்தபின்னும் எஞ்சி நின்று பயனைத் தரும் 'அபூர்வம்' என்னும் ஆற்றலே போதுமென்று மீமாம்சகர் கொண்டனர். பௌத்தரும் சமணரும் பயனைக் கூட்டுவிக்கும் இறைவன் வேண்டியதில்லை என்றனர். வினை அறிவற்ற சடப்பொருள் ஆதலின், அது உரியவரை உரிய காலத்தில் தானே சென்று சேராது, கூட்டுவிக்கும் அறிவுடைய முதல்வன் வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் நிலைப்பாடு. கணினியில் கலைத்தல் பொதுவாக ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது. தொடக்க எண்ணும் கணக்கு முறையும் மாறாதவரை வரிசையும் மாறாது. ஆகவே ஆடுபவருக்குத் தற்செயலாகத் தோன்றுவது, கருவிக்கு முழுமையான நியதியே. நியதி தானே இயங்குகிறது என்பார் மீமாம்சகர். அந்நியதியை எழுதியவர் ஒருவர் உண்டென்பார் சித்தாந்தி. விளையாட்டு இவ்வழக்கைத் தீர்க்காது. வழக்கு எதைப் பற்றியது என்பதைத் துலக்கிக் காட்டும்.

ஒப்புமை முறியும் இடமும் கருதத்தக்கது. விளையாட்டில் தொடக்கக் கட்டு ஒன்று ஆடுபவரின் தகுதி கருதாமலே வழங்கப்படுகிறது. வினைக்கொள்கையோ வினை அநாதி, அதாவது தொடக்கமற்றது என்று கூறி, முதற்கட்டு எதனால் வந்தது என்ற வினாவையே எழவிடாமல் செய்கிறது. மேலும், ஆடுபவர் தாம் கட்டில் வைத்ததை நினைவில் கொண்டிருக்கிறார். மனிதர் முற்பிறவியை நினைவுகூர்வதில்லை. நினைவில்லாத செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது அறமாகுமா என்னும் தடைக்கு அநாதி என்ற விடை போதுமானதன்று.

இக்காரணத்தால், வினைக்கொள்கையை ஒருவர் தம் வருங்காலத்தை நோக்கிப் பயன்படுத்துவதற்கும், பிறருடைய துன்பத்தை விளக்கப் பயன்படுத்துவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னது கட்டைத் திருத்தும் செயல், முயற்சிக்கு ஊக்கம் தருவது. பின்னது பிறர் கைச்சீட்டைப் பார்த்தே அவருக்குத் தீர்ப்பு வழங்குவது. நல்ல ஆட்டக்காரர் எவரும் எதிராளியின் திறனை அவருக்கு வந்த சீட்டைக் கொண்டு அளப்பதில்லை, அவர் ஆடிய விதத்தைக் கொண்டே அளப்பார். ஊழைப் பற்றிப் பேசும் எந்த மெய்யியலும் இந்த அளவுகோலுக்குக் கீழே இறங்கலாகாது.