பெயரும் மரபும்

குடும்பப் பெயர் ஒருவரது மரபை நிறுவும் சான்றாகுமா? மதம் மாற மறுத்த யூதரை ஸ்பானியா 1492 இல் வெளியேற்றியது. அவருட் பலர் போர்த்துக்கலிற் புகலடைந்தனர். அங்கும் 1497 இல் ஞானஸ்நானம் அவர்கள்மீது வலிந்து திணிக்கப்பட்டது. 'புதுக் கிறித்தவர்' எனப்பட்ட அவர்கள் பழைய பெயர்களைத் துறந்து, பெரெய்ரா, ஒலிவெய்ரா முதலாய, அந்நாட்டிற் பரவலாக வழங்கிய பெயர்களைப் பூண்டனர்.

இப்பெயர்கள் யூதருக்கே உரியன என்னும் கருத்து இன்றும் நிலவுகின்றது. ஆயின், ஏனையோரினின்று வேறுபடாதிருத்தலே அவற்றைப் பூண்டதன் பயனாகும். மறைதற்கு உதவிய பெயரையே வெளிப்படுத்தும் சான்றாகக் கொள்வது முரண்பாடன்றோ? இலங்கையிலும் பெரேரா, சில்வா முதலிய பெயர்கள் பெரும்பாலும் ஞானஸ்நானத்தோடு வந்தனவேயன்றிக் குருதியோடு வந்தனவல்ல. வெளியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்க ஸ்பானியா 2015 இல் இயற்றிய சட்டமும் குடும்பப் பெயரைப் பல சான்றுகளுள் ஒன்றாகவே கொண்டது.

பெரெய்ரா என்னும் பெயருடையார் துன்புற்றோர் வழியினராகலாம், துன்புறுத்தியோர் வழியினராகலாம், இருசாராரின் குருதியும் கலந்தோராகவும் இருக்கலாம். மரபு ஐயத்துக்குரியதாயினும் இழைக்கப்பட்ட அநீதி ஐயத்துக்குரியதன்று. ஆதலின், அதனை நினைவிற் கொள்ளும் கடமை, குருதியுறவு நிரூபிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அக்கடமை அப்பெயரைத் தாங்கிய அனைவர்க்கும் பொதுவானது. தாங்காதவர்க்கும் அது புறம்பானதன்று.