தராசும் சவர்க்காரமும்

 

2020 மார்ச் 18-ந் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு அமுலுக்கு வந்தபோது, பள்ளிவாசல்களில் ஜும்ஆ நின்றிருந்தது. மளிகைக் கடைகளோ திறந்திருந்தன. செண்டாயான் போன்ற தோட்டப்புறங்களில் கடைப்படி ஏறுவோர் வியாபாரியை நம்பியே ஏறுகிறார்கள். அந்நம்பிக்கை நம்மிடமுள்ள அமானிதமாகும்.

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்வதையும், அங்கிருந்து வெளியேறுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆகவே முன்னெச்சரிக்கை தவக்குலுக்கு விரோதமன்று.

கொரோனாக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சவர்க்காரம் அதைச் சிதைத்துவிடும். காசு வாங்கிய கையை 20 விநாடி தேய்த்துக் கழுவுவோம். காய்ச்சலும் இருமலும் கண்டால், வியாபாரம் போனாலும் கல்லாவை விட்டு விலகுவோம்.

நிறுவையில் குறைப்பது மோசடி என்றறிந்த நாம், நோயை மறைத்துச் சரக்கு விற்பதும் மோசடியே என்று உணர்வோமாக! ஆமீன்.