வெட்டுப்புள்ளியும் நீதியும்

எல்லோருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா? ஆய்வுகூடமும் தேர்ந்த ஆசிரியர்களும் உள்ள நகரப் பாடசாலை மாணவன் பெறும் 60 புள்ளிகளும், பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாத கிராமத்து மாணவி பெறும் 60 புள்ளிகளும் ஒன்றல்ல. எனவே பின்தங்கியோருக்குச் சலுகை வழங்குவது தன்னளவில் அநீதியாகாது. பின்தங்கியோர் யார் என்பதை எந்த அளவுகோலால் தீர்மானிக்கிறோம் என்பதே கேள்வி.

1971இல் இலங்கை இதற்குத் தவறான விடையளித்தது. மருத்துவத்துறை அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. மொழியின் பெயரால் இனமே அளவுகோலாயிற்று. யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரி மாணவனும், வசதியற்ற பாடசாலையில் தமிழில் கற்ற மூதூர் முஸ்லிம் மாணவனும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனர். அப்போதைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். அவரது பணிகளை நன்றியோடு நினைவுகூரும் நாம் இதையும் சேர்த்தே பேச வேண்டும். அமைச்சர் நம்மவர் என்பதால் கோணலான கோல் நேராகிவிடாது.

1974இல் வந்த மாவட்டக் கோட்டா இடத்தைப் பார்த்தது. யாழ்ப்பாணம் இழந்தது, மன்னார், மட்டக்களப்பு, அம்பாறை போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு வழி திறந்தது. பின்னாளில் பல துறைகளுக்கு 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற முறை நிலைத்தது. முந்தியதைவிட இது நியாயமானது. ஆயினும் மாவட்டமும் முரட்டுக் கோல்தான். கண்டி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை, கண்டி நகரத்துப் புகழ்பெற்ற கல்லூரிப் பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறாள்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. கோட்டா வேலை செய்வது கடைசி வாசலில். நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை பத்தில் ஒரு பங்கு அளவே. விஞ்ஞானம் படிக்கவே வழியில்லாத பிள்ளை அந்த வாசலுக்கு வருவதேயில்லை. அவளுக்கு எந்த வெட்டுப்புள்ளியைக் குறைத்து என்ன பயன்? சலுகை என்பது அரசு தன் கடனை ஒப்புக்கொள்வது. கடன் அடைபடுவது வகுப்பறையில்தான்.

நம் ஊர்களில் ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் நுழைந்தவர்களை எண்ணிப் பாராட்டு விழா எடுக்கிறோம். நல்லது. இரசாயனவியல் ஆசிரியர் இல்லாமல் கலைப்பிரிவுக்குத் தள்ளப்பட்டவர்களையும் எண்ணுவோம். அயல் கிராமத்துத் தமிழ், சிங்களப் பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் சேர்ப்போம். நமக்கு மட்டும் கேட்பது நீதியாகாது.