சந்தைக் கடை யாருடையது?

யட்டியாந்தோட்டைச் சந்தையில் ஒரு கடையை இன்னாருக்கென்று ஒதுக்கும் உரிமை எவருடையது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், பொதுச் சந்தைகளைப் பிரதேச சபையின் பொறுப்பில் வைத்தது. ஆயினும் 2023 மார்ச்சில் சபைகளின் ஆயுள் முடிந்தது. 2025 மே வரை தேர்தல் நடைபெறவில்லை. அவ்விடைக்காலத்தில் சபையின் அதிகாரம் செயலாளரின் மேசைக்குப் போயிற்று. செயலாளர் எவரையும் நாம் குறைகூறவில்லை. அவரை விலக்கும் வாக்கு மக்களிடம் இல்லை என்பதே நமது முறைப்பாடு.

சபை மீண்டால் நீதியும் மீளுமா? அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, 2018இல் திருத்தப்படும்வரை, தோட்ட மக்களின் வசதிக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. றப்பர் பால் வெட்டுவோரும் கொழுந்து பறிப்போரும் அச்சபைக்கு வாக்களித்தவர்களே. எனினும் 'பொதுமக்கள்' என்னும் சொல் தோட்ட எல்லையிலேயே நின்றுவிட்டது! சந்தைக் கடையைப் பங்கிடும்போது மட்டும் அது எல்லையைத் தாண்டிவிடுமென நாம் எப்படி நம்புவது?

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இவ்வழக்கு உண்டு. நடைபாதை வியாபாரம் அடிப்படை உரிமை, ஆனால் ஒரே இடத்தை எவரும் நிரந்தரமாகக் கோர இயலாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அங்ஙனமாயின் இடத்தைப் பகிர்வது யார்? 2014ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40க்குக் குறையாத இடங்களை வியாபாரிகள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு அளித்தது. நடைமுறையில் அக்குழுக்கள் பல ஊர்களில் பெயரளவிலேயே உள்ளன என்பது வேறு கதை.

கூடிய குத்தகை கேட்பவருக்கே கடை என்பது நேர்மையான முறைபோல் தோன்றும். லயத்தின் பின்புறம் விளைந்த கீரையைக் கூடையில் சுமந்து வருபவள் அந்தக் கேள்வியில் எத்தொகையைக் கூறுவாள்?